ஒரு லேசரும் மூன்று கண்மலரும்: காரைக்குடியிலிருந்து மதுரை போய் வந்த கதை

இதைப் படிக்கிறவர்களை முதலில் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். யாருக்கும் காட்டாதீர்கள். யாருக்கும் அனுப்பாதீர்கள். முக்கியமாக, காரைக்குடியில் உங்களுக்கு யாரையாவது தெரியும் என்றால் அவர்களுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதிவிட்டு யாருக்கும் காட்டாதே என்கிறாளே என்று உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வருகிறது. ஆனால் போன வாரம் இதே நேரம், இதே போர்வைக்குள் படுத்துக்கொண்டு நான் தமிழில் தேடினேன். விழித்திரை லேசர் வலிக்குமா, பாதியில் தலையை ஆட்டிவிட்டால் கண் போய்விடுமா என்றெல்லாம். கண்ணாடியைக் கழற்றி எறியுங்கள் என்ற விளம்பரங்கள்தான் வந்தன. என்னைப் போல ஒருத்தி போய்விட்டு வந்து எழுதியது ஒன்றுகூட இல்லை. இன்றைக்கும் எங்கோ ஒருத்தி அப்படித் தேடிக்கொண்டிருப்பாள். அவளுக்காகத்தான் இது.

பெயர் போடவில்லை. பதினொன்றாம் வகுப்பு, வீடு மானகிரிப் பக்கம், இது போதும். ஒரு வாரத்துக்குப் போனைத் தொடக்கூடாது என்று உத்தரவு. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, அம்மா சொன்னாள். தூங்குவதற்கு முன் கடைசிச் சொட்டு மருந்து விட வருவார்கள். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன்.

ஏன் போனோம் என்றால், எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே கண்ணாடி. இப்போது பவர் மைனஸ் எட்டு. காலாண்டுப் பரீட்சை நேரத்தில் வலது கண்ணின் ஓரத்தில், இருட்டில் மட்டும், யாரோ டார்ச் அடித்து உடனே அணைப்பதுபோல வெளிச்சம் வந்தது. ராத்திரி முழுக்கப் படித்ததால் வந்த அசதி என்று நினைத்தேன். ஒருநாள் சாப்பிடும்போது விளையாட்டாகச் சொன்னேன். அப்பா கையில் எடுத்த சோற்றை அப்படியே தட்டில் வைத்துவிட்டு எழுந்து கை கழுவிவிட்டார். அப்பாவுக்கு உரக்கடை. காலையில் கடையைத் திறக்காமல் முதல் வேலையாக என்னைக் காரைக்குடி கண் டாக்டரிடம் கூட்டிப்போனார்.

அவர் சொன்னது இதுதான். பவர் அதிகமாக இருக்கிறவர்களுக்குக் கண்ணின் உள்ளே இருக்கும் விழித்திரை இழுபட்டு மெலிந்துபோகும். என் வலது கண்ணில் அப்படி மெலிந்த இடத்தில் ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை. அந்த ஓட்டையைச் சுற்றி லேசரால் வேலி கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் பழைய வீட்டுச் சுவரில் காரை பெயர்வதுபோல விழித்திரை உரிந்து வந்துவிடலாம், வந்தால் பார்வை போய்விடலாம். "இந்த வாரத்துக்குள்ள மதுரைக்குப் போயிருங்க" என்றார். இது கண்ணாடி போடாமல் இருப்பதற்கான லேசர் இல்லை. கண்ணாடி அப்படியேதான் இருக்கும், இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான் இந்த லேசர். தேடி வந்தவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குக் கண்ணில் கோளாறு என்றால் தெருவுக்குச் சொல்லமாட்டார்கள். பத்து வருடம் கழித்துப் பெண் கேட்டு வருகிறவர்கள் அக்கம்பக்கத்தில்தான் விசாரிப்பார்களாம். அதனால் அம்மா எதிர்வீட்டு அக்காவிடம், "மதுரைக்குச் சேலை எடுக்கப் போறோம்" என்று சொல்லிவைத்தாள். அந்த அக்கா உள்ளே போய் ஒரு மாம்பழக் கலர் ரவிக்கைத் துணியைக் கொண்டுவந்து, "அப்படியே இதுக்கு மேட்சா எனக்கும் ஒண்ணு பாத்து எடுத்துட்டு வாங்க" என்று நீட்டினார். அந்தத் துணி எங்களோடு ஆஸ்பத்திரிவரை வந்தது.

புதன்கிழமை அதிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். நேராகப் போவதென்றால் திருப்பத்தூர், மேலூர் வழிதான் சுருக்கம், தொண்ணூறு கிலோமீட்டருக்குள் வரும். நாங்கள் கல்லல், நாட்டரசன்கோட்டை, சிவகங்கை என்று சுற்றிப் போனோம். நாட்டரசன்கோட்டையில் கண்ணாத்தாள் அம்மனைப் பார்க்காமல் கண்ணுக்கு வைத்தியம் பார்க்கப் போவது எங்கள் ஊரில் நடக்காத காரியம். வாடகைக் கார், காத்திருப்பும் சேர்த்து மூவாயிரத்து இருநூறு ரூபாய். அப்பாவுக்கு மொபெட் மட்டும்தான், அதுவும் கடைக்கும் வீட்டுக்கும். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. ஓட்டி வந்தது ராசு அண்ணன். முன்னால் அவர் பக்கத்தில் அப்பா, பின்னால் நானும் அம்மாவும்.

கல்லல் தாண்டும்போது விடிந்துவிட்டது. அம்மா முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள்.

"தம்பி, இடது கைப் பக்கம் ஆடு."

"பாத்துட்டேன்க்கா."

"இடது பக்கம் சைக்கிள்ல ஒருத்தர் வாராரு."

"அக்கா, நீங்க முன்னாடி வந்து ஓட்டுறீகளா? நான் பின்னாடி படுத்துக்கிறேன்."

அப்பா சிரித்துவிட்டார். "தப்பா நெனைக்காதப்பா, அவளுக்குப் பழக்கம் அது. என் வண்டியில ஏறினாலும் இதே ரேடியோதான். இடது பக்கம் எறும்பு வந்தாலும் சொல்லிருவா. வலது பக்கம் யானையே வந்தாலும் வாயத் தொறக்க மாட்டா."

"ஆமா, யானை ஒங்களுக்குத் தெரியாதாக்கும்" என்றாள் அம்மா.

நானும் சிரித்தேன். பிறந்ததிலிருந்து கேட்கிற ரேடியோதான்.

நாட்டரசன்கோட்டையில் அரைமணி நேரம் நின்றோம். கண்ணில் கோளாறு உள்ளவர்கள் இங்கே கண்மலர் வாங்கிச் செலுத்துவார்கள். வெள்ளித் தகட்டில் கண் வடிவத்தில் வெட்டி, இரண்டிரண்டாகச் சிவப்பு நூலில் கட்டி வைத்திருப்பார்கள். கண்மலர் விற்ற பெண்ணிடம் என் அம்மா நடத்திய பேரத்தை நான் மறக்கவே மாட்டேன். அப்பா அப்போது அர்ச்சனைச் சீட்டு வாங்கப் போயிருந்தார்.

"ஒரு ஜோடி குடுங்க. அதோட ஒத்தக் கண்ணு ஒண்ணு தனியா."

"ஒத்தையா தரமாட்டோம் தாயி."

"எனக்கு ஒண்ணுதான வேணும்."

"செருப்பு வாங்கப் போனா ஒத்தக் காலுக்கு மட்டும் கேப்பீகளா? எடுத்தா ரெண்டு ஜோடியா எடுங்க."

அம்மா முனகிக்கொண்டே இரண்டு ஜோடி வாங்கினாள். நான் அவள் காதில், "கணக்குத் தப்பும்மா. எனக்கு ரெண்டு கண்ணுதான்" என்றேன். "வாய மூடிக்கிட்டுச் சாமியக் கும்பிடு" என்றாள். ஒரு ஜோடியின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். உண்டியலில் மூன்று கண்ணைப் போட்டாள். நான்காவதை முந்தானையில் முடிந்துகொண்டாள். சாமிக்கே ஒரு கண்ணை மிச்சம் பிடிக்கிறாளே என்று நினைத்தேன். பிறகு தீர்த்தத்தைத் தொட்டு என் இமைமேல் தடவிவிட்டாள். ஒருமுறை போதாதென்று மூன்று தடவை தடவினாள். அப்போதுதான் அவளுக்கும் பயம் என்று எனக்குத் தெரிந்தது.

அங்கிருந்து சிவகங்கை எட்டு கிலோமீட்டர், அதற்கப்புறம் மதுரை ஒரு மணி நேரத்துக்கு மேல். எட்டே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம். முன்பதிவு செய்திருந்தும் கூட்டம்தான். வந்தவுடன் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டார்கள். கண்பாப்பாவை விரிய வைக்கிற மருந்து, முதல் சொட்டு நன்றாக எரியும். சிறிது நேரம் விட்டு மறுபடி, மறுபடி. பிறகு எழுத்து எல்லாம் கலைந்து, சன்னல் வெளிச்சம் தாங்க முடியாமல் போனது. லேசர் எந்தக் கண்ணுக்கு என்று தெரிவதற்காக வலது புருவத்துக்கு மேல் சின்னதாக ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கூட ஒருவர்தான் உள்ளே வரலாம் என்றார்கள். அம்மா எழுந்தாள். அப்பா, "நான் போறேன், நீ இரு" என்றார். அப்பா ஆஸ்பத்திரி வாசனைக்கே ஒதுங்குகிறவர். அம்மா உட்கார்ந்துவிட்டாள், மடியில் அந்த மாம்பழக் கலர் துணியோடு.

டாக்டர் ஒரு பெண். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு என் கண்ணை நெடுநேரம் பார்த்தார். பிறகு அப்பாவிடம் கேட்டார்: "குடும்பத்துல யாருக்காவது விழித்திரை விலகியிருக்கா சார்?"

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எனக்கு" என்றார் அப்பா.

டாக்டர் அந்த விளக்கை அப்பாவின் முகத்துக்குத் திருப்பினார். இடது கண்ணைப் பார்த்தார். "எத்தனை வருஷமாச்சு?" "காலேஜ்ல படிக்கிறப்ப மேடம்." "இப்ப வெளிச்சமாவது தெரியுதா?" "இல்ல மேடம். ஒண்ணுமே தெரியாது."

எனக்கு எல்லாமே மங்கலாகத்தான் தெரிந்தது, அப்பாவின் முகமும். அது நல்லதற்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன். பதினாறு வருடம் கூடவே இருந்திருக்கிறேன். அப்பா காபியை டம்ளருக்கு வெளியே ஊற்றுவார், நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொள்வார். அவசரக்காரர் என்று நாங்கள் கேலி செய்வோம்.

லேசர் அறை சின்னது, ஏசி குளிர். அப்பாவைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கண் மரத்துப்போகச் சொட்டு விட்டார்கள். மோவாயை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி உட்கார வேண்டும். கண்ணின்மேல் பசைபோல எதையோ தடவி ஒரு லென்ஸை அழுத்தி வைத்தார் டாக்டர். வலிக்கவில்லை, ஆனால் இமையை மூட முடியாது. "என் காதைப் பாரு. அசையாத" என்றார். ஒரு பச்சை மின்னல். இன்னொன்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. மின்னலுக்கு இல்லை. ஒண்ணுமே தெரியாது என்று அப்பா சொன்ன விதம் காதிலேயே நின்றது. நமக்கும் அதுதான் என்று தோன்றியது. கண்ணீரில் லென்ஸ் வழுக்கியது. டாக்டர் நிறுத்தினார். எனக்குத் தோள் குலுங்கியது, நிறுத்த முடியவில்லை.

"அப்பாவைக் கூப்பிடுங்க" என்றார்.

லேசர் படாமலிருக்க அப்பாவுக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். பின்னால் நின்று என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத உர வாசனை அந்தக் கையில் இருந்தது. டாக்டர் மறுபடி ஆரம்பித்தார். அப்பா குனிந்து மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு ஓரத்துலேர்ந்து திரை மாதிரி எறங்குச்சு ஆத்தா. அதுக்கு முன்னாடி ஒரு மாசம் இதே மாதிரி மினுங்குச்சு. பயந்துக்கிட்டு யாருட்டயும் சொல்லல. சொன்னப்ப நேரம் போயிருச்சு. நீ சொல்லிட்டியில்ல. சோறு திங்கிறப்பவே சொல்லிட்டியில்ல. ஒனக்கு ஒண்ணும் ஆகாது. அவ்வளவுதான், முடியப்போகுது."

சில மின்னல்கள் கண்ணின் ஆழத்தில் சுருக்கென்று குத்தின. எறும்புக் கடி அளவுதான், அதற்குமேல் இல்லை. கால்மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. முடிந்ததும் வலது கண்ணில் ஒரே ஊதா, பிறகு ஒரே இருட்டு. இதைப் படிக்கிறவளே, அந்த இருட்டுக்குப் பயப்படாதே. முதலிலேயே யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தால் அப்படி நடுங்கியிருக்கமாட்டேன். அது கூசுவதால் வருவது. சில நிமிடத்தில் கலைந்துவிடும். எனக்கு இருட்டு ஓரத்திலிருந்து விலகி, முதலில் ஒரு ஆரஞ்சு நிறம் தெரிந்தது. அப்பா அந்தக் கண்ணாடியைக் கழற்ற மறந்து நின்றுகொண்டிருந்தார்.

வெளியே வராந்தாவில், அம்மா இருக்கும் இடத்துக்குப் போவதற்கு முன் கேட்டேன். "அம்மாவுக்குத் தெரியாதாப்பா?"

"தெரியாது. பொண்ணு பாக்கப் போறப்ப சொல்ல வேணாம்னுட்டாக எங்க அய்யா. அப்புறமா சொல்லலாம்னு இருந்தேன். சொல்றதுக்கு எடமே வரல. இப்பப் போயிச் சொன்னா, இத்தன வருஷம் ஏமாத்திட்டான்னு நெனைப்பா. நீயும் சொல்லிறாத ஆத்தா."

சரி என்று தலையாட்டினேன். அம்மா எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து என் கன்னத்தைத் தொட்டாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "ஒங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?" என்றாள்.

பிறகு கட்டாயமாகத் துணிக்கடைக்குப் போனோம். ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு நான் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, எதிர்வீட்டு அக்காவின் ரவிக்கைக்குச் சேலை தேடினாள் அம்மா. என்னிடம் அபிப்பிராயம் கேட்டபோது எல்லாச் சேலையும் எனக்கு ஒரே கலர். வாசலில் பருத்திப்பால் குடித்தோம், ஒரு டம்ளர் இருபது ரூபாய். அத்தனை பயத்துக்குப் பிறகு குடித்ததால் அப்படி இனித்ததோ என்னவோ. மாலை ஏழு மணிக்கு வீடு. கறுப்புக் கண்ணாடியோடு இறங்கிய என்னைப் பார்த்து எதிர்வீட்டு அக்கா என்னவென்று கேட்டார். அம்மா அசராமல், "மெட்ராஸ் ஐ" என்றாள். சேலையை வாங்கிக்கொண்டு அந்த அக்கா போன வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இன்றுவரை தெருவில் ஒருவரும் எங்கள் வாசல்பக்கம் வரவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கட்டாயம் கூட ஒருவர் வரட்டும், பாப்பா விரிந்த கண்ணோடு தனியாக பஸ் ஏற முடியாது. கறுப்புக் கண்ணாடி இருந்தால் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம், எனக்கு யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. லேசருக்கு எங்களுக்கு நாலாயிரத்து ஐந்நூறு ஆனது, இடத்துக்கு இடம் மாறும். லேசருக்கு முன்னால் கோயில் தீர்த்தத்தை இமைமேல் தடவிக்கொண்டால் சரி. லேசருக்குப் பிறகு சில நாளைக்கு மருந்தைத் தவிர எதுவும் கண்ணில் படக்கூடாது என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார், அதனால் யார் அன்பாக விடவந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். கனமான குடம் தூக்க வேண்டாம், குதிக்க வேண்டாம். ஒரு மாதத்தில் மறுபடி காட்ட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், கண்ணில் மின்னல் மாதிரி வந்தால், பூச்சி பறப்பதுபோலத் தெரிந்தால், அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். சோறு திங்கும்போதே சொல்லுங்கள்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் கண் இல்லை.

திரும்பி வரும்போது சிவகங்கை தாண்டி இருட்டிக்கொண்டு வந்தது. நான் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன். அம்மாவின் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. இடது பக்கம் பள்ளம். இடது பக்கம் மாட்டு வண்டி. ராசு அண்ணன் பதில் சொல்வதை விட்டுவிட்டார். கண்ணை மூடிக் கேட்டபோதுதான் தெரிந்தது, அம்மா அதை ராசு அண்ணனிடம் சொல்லவில்லை. அவருக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். அப்பா ஓட்டாதபோதும் நிறுத்த முடியாத அளவுக்கு அது அவளுக்குப் பழகிப்போயிருக்கிறது.

இன்று காலை சொட்டு மருந்து விட்டபின் திருநீறு பூச அம்மா சாமி அலமாரியைத் திறந்தாள். குங்குமச் சிமிழுக்குள் அந்த நான்காவது கண் கிடந்தது. நான் கையில் எடுத்துப் பார்த்தேன். வலது கண். அப்படியென்றால் உண்டியலில் போட்டது இடது கண்.

"மூணாவது யாருக்கும்மா போட்ட?"

"பழைய நேர்த்திக்கடன்."

"யாருக்கு?"

"கண்ண மூடிக்கிட்டுப் படு. மருந்து வழிஞ்சிரும்" என்றாள். கண்மலரை என் கையிலிருந்து வாங்கிச் சிமிழில் போட்டு மூடி வைத்தாள்.

அம்மாவுக்குத் தெரியும். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. ஆனால் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே அப்பாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து அவருக்கு இடது கண்ணாக இருந்திருக்கிறாள். அவருக்குச் சொல்ல இடம் வரவில்லை, அவள் கேட்கவும் இல்லை. கேட்டால் அவர் கூசிப்போவார் என்று விட்டிருப்பாள். அப்பாவோ தெரிந்தால் என்ன ஆகுமோ என்று இன்னமும் பயந்துகொண்டிருக்கிறார். இரண்டு பேர் ரகசியமும் இப்போது என்னிடம் இருக்கிறது. அப்பாவிடம் சொல்லாதே என்று அம்மா கேட்கவில்லை. அம்மாவிடம் சொல்லாதே என்று அப்பா கேட்டிருக்கிறார். அப்படியானால் அப்பாவிடம் சொல்லலாம்தானே? பயப்படாதீர்கள், அம்மாவுக்கு எப்போதோ தெரியும் என்று ஒரு வரி. அந்தக் கால்மணி நேரம் என் தலையைப் பிடித்துக்கொண்டு அவர் என்னிடம் சொன்னதைப்போல, ஒன்றும் ஆகாது என்று. நாளைக்குக் கடைக்குக் கிளம்பும்போது சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். அல்லது

கரண்ட் போய்விட்டது. கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். "ஆத்தா, சொட்டு விடணும், தெற." அவருக்குப் பின்னாலிருந்து அம்மா, "பாத்து நில்லுங்க, இடது பக்கம் வாளி கெடக்கு."

இருங்கள், நான்